விடை தெரியாத வினாக்களுக்கு வாசிகசாலையில் இடமில்லையா?

எமது சனசமூக நிலையத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிருவாக சபை உறுப்பினர்களுக்கு,

அறிவித்தல் பலகையில் அண்மையில் ஒட்டப்பட்ட உங்கள் தீர்மானத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிகசாலையின் பின்னறையில் கூடிவந்த வாசகர் வட்டத்துக்கு இனி அவ்வறை வழங்கப்படமாட்டாது என்றும், அவ்வட்டத்தினர் வாசித்துவந்த ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சோங் ஒஃப் ஐஸ் அன்ட் ஃபயர்' நாவல் தொடரின் ஐந்து பாகங்களும் 'முற்றுப்பெறாத தொடர்' என்ற காரணத்தால் இரவல் அலுமாரியிலிருந்து அகற்றப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. விளக்கம் கேட்டுச் சென்ற எங்களிடம், "விடையே இல்லாத கேள்விகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுவதால் யாருக்கு என்ன பயன்?" என்று சபையின் சார்பில் கேட்கப்பட்டது. கேட்டவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பதிலை அங்கத்தவர் எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் அவ்வட்டத்தைத் தொடங்கியவள் அல்லேன். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால், கடினமான பகுதிகளுக்குப் பொருள் சொல்லும்படி இளைஞர் சிலர் அழைத்தனர், போனேன், பிறகு போகாதிருக்க மனம் வரவில்லை. வகுப்பறையில் ஒரு பந்தியை வாசித்துவிட்டு "விளங்கியதா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற அதே வயதுப் பிள்ளைகள், இங்கே ஒரு வரிக்காக இரண்டு பாகங்களைப் புரட்டிச் சான்று தேடுவதைக் கண்டேன். நீங்கள் மூடியது அந்த முயற்சியைத்தான் என்பதால், அது எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடரை வாசித்திராதவர்களுக்காக ஒரு குறிப்பு. முதலாம் பாகம் 1996இல் வெளிவந்தது. மூன்று நூல்களாகத் திட்டமிடப்பட்ட கதை வளர்ந்துகொண்டே போக, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்த நான்கு பாகங்கள் வந்தன. ஆறாம் பாகத்தை உலகமே எதிர்பார்த்திருக்கிறது. மத்தியகால இங்கிலாந்தின் ரோசாப்பூப் போர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட ஒரு கற்பனைக் கண்டத்தில், ஓர் அரியணைக்காகப் பல குடிகள் மோதுவதே கதையின் வெளித்தோற்றம். ஆனால் அதன் உயிர் சொல்லும் முறையில் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண்வழியாக மட்டுமே செல்கிறது; அப்பாத்திரம் அறியாததை நாமும் அறியமாட்டோம்; அது நினைத்துப் பார்க்க அஞ்சுவதை ஆசிரியரும் எழுதமாட்டார். ஆகவே அங்கே வாசகன் சாட்சிகளை விசாரிக்கிறவனாக இருக்க வேண்டியிருக்கிறது.

வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோன் ஸ்னோ என்பவன் நெட் ஸ்டார்க் பிரபுவின் முறைதவறிப் பிறந்த மகன் என்றே கதையில் எல்லோரும் நம்புகின்றனர். தாய் யார் என்பதை நெட் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாணவி ஒருத்தி, முதலாம் பாகத்தில் நெட் தன் மனத்துக்குள் பேசிக்கொள்ளும் ஓரிடத்தை வாசித்துக் காட்டினாள். தன் பிள்ளைகளைக் காப்பதற்காக முகமறியாத ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்க நேர்ந்தால் என்ன செய்வேன் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் இடம் அது. ரொப், சான்சா, ஆர்யா, பிரான், ரிக்கன் என்று ஐந்து பெயர்கள் வருகின்றன. ஜோனின் பெயர் அந்த வரிசையில் இல்லை. அடுத்த வாக்கியத்தில், ஜோனின் உயிரா தான் பெற்ற பிள்ளைகளின் உயிரா என்று வந்தால் தன் மனைவி என்ன செய்வாள் என்று நினைக்கும்போதுதான் அவன் பெயர் வருகிறது. "சேர், ரீச்சர், மறந்துபோய் விட்ட பெயரா இது?" என்று அவள் கேட்டபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. பத்து வருடமாக வாசித்த ஒருவர், தம் பிரதியைத் திறந்து அவ்விடத்தில் பென்சிலால் கோடிட்டார்.

அதன்பின் அவர்கள் நெட் காணும் கனவுக்குப் போனார்கள். கதை தொடங்குமுன் நடந்த போர் முடிந்துவிட்டது, அரசர் கொல்லப்பட்டார், பட்டத்து இளவரசர் ரேகார் களத்தில் வீழ்ந்தார், எஞ்சிய சிறுவன் விசேரிஸ் கடல்கடந்து தீவுக் கோட்டையில் இருக்கிறான். அப்படியிருக்க, அரசரையும் அரச குடும்பத்தையும் காப்பதாகச் சத்தியம் செய்த மெய்காவல் வீரர்களுள் தலைசிறந்த மூவர், தெற்கேயுள்ள ஒரு தனிக் கோபுரத்தின் வாசலில் நின்று ஏன் உயிரைக் கொடுத்தார்கள்? உள்ளே நெட்டின் தங்கை லியன்னா இறந்துகொண்டிருந்தாள் என்பதும், அவளுக்கு அவர் ஏதோ வாக்குக் கொடுத்தார் என்பதும் மட்டுமே நமக்குத் தெரியும். நெட்டின் பக்கம் ஏழுபேர் போய் இருவரே மீண்டனர். அந்த இரண்டாமவரான ஹவ்லண்ட் ரீட் ஐந்து பாகங்களிலும் ஓரிடத்திலேனும் நேரில் வந்து பேசுவதில்லை. காவலர்கள் யாரைக் காத்து நின்றார்கள் என்று கேட்டால், லியன்னாவுக்கும் ரேகாருக்கும் பிறந்தவனே ஜோன் என்ற விடை கண்முன் வந்து நிற்கிறது. ஆனால் நூலில் ஒரு வரியிலும் அது சொல்லப்படவில்லை. ஊகம், சான்று, முடிவு ஆகிய மூன்றையும் பிரித்தறிய இதைவிட நல்ல பாடத்தை நான் என் பாடநூல்களில் கண்டதில்லை.

"தொலைக்காட்சித் தொடர்தான் எல்லாவற்றையும் முடித்துவைத்துவிட்டதே, இன்னும் என்ன கேள்வி?" என்று சபையில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். ஜோனின் பிறப்பைப் பற்றி மட்டும் கேட்டால் அது உண்மைதான்; 2016இல் வந்த ஆறாம் பருவத்தின் இறுதியில் அதற்கு விடை சொல்லப்பட்டது. ஆனால் 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்ற அத்தொலைக்காட்சித் தொடர் நூலைக் கடந்து முன்னே ஓடியது. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் இறந்தவளாகக் கருதப்பட்ட நெட்டின் மனைவி கேற்றலின் வேறொரு கோலத்தில் மீண்டு வருகிறாள். தொலைக்காட்சியில் அவள் வரவேயில்லை. குழந்தையாயிருந்தபோதே கொல்லப்பட்டதாக எல்லோரும் நம்பிய இளவரசன் ஏகன் நானே என்று ஐந்தாம் பாகத்தில் ஓர் இளைஞன் படையோடு வந்து இறங்குகிறான்; அவன் உண்மையானவனா, வளர்த்தெடுக்கப்பட்ட போலியா என்பது நூலின் மிகப் பெரிய வினாக்களுள் ஒன்று; தொலைக்காட்சியில் அவனும் இல்லை. இல்லாத பாத்திரங்களின் கேள்விகளுக்கு அங்கே எப்படி விடை கிடைக்கும்? கிடைத்த விடைகளும் எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. இறுதிப் பருவத்தை மீண்டும் எடுக்கும்படி கேட்ட மனுவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அந்த மனுவை நான் ஆதரிக்கவில்லை. ஒரு படைப்பாளியிடம் ஒப்பம் திரட்டி வேறு முடிவு கேட்பது முறையன்று என்பதே என் எண்ணம். என்றாலும் விடை கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அங்கே யாருக்கும் இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

'வீண் வாதம்' என்ற சொல்லும் உங்கள் பக்கத்திலிருந்து வந்தது. வாதம் எப்படி நடந்தது என்பதைச் சபையில் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதால் இன்னொரு நிகழ்வையும் எழுதுகிறேன். டிரியன் லானிஸ்டர் உண்மையில் லானிஸ்டர் குடித் தலைவர் தைவின் பிரபுவின் மகன் அல்லன், முன்னே சொன்ன கொல்லப்பட்ட 'பைத்தியக்கார' அரசருக்குப் பிறந்தவன் என்று வாசகர் பலர் ஊகிக்கின்றனர். வட்டத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அதை வலியுறுத்திப் பேசினார். மரணத் தறுவாயில் தைவின், நீ என் மகன் அல்லன் என்ற கருத்தில் டிரியனிடம் சொல்வதையும், தைவினின் மனைவி ஜொவன்னாமீது அரசருக்கு இருந்த மோகத்தைப் பற்றி ஐந்தாம் பாகத்தில் முதிய வீரர் பரிஸ்டன் நினைவுகூர்வதையும் சான்றாகக் காட்டினார். மறுத்துப் பேசியவர் ஒரு தபாலக ஊழியர். அவர் நான்காம் பாகத்தைத் திறந்து, தைவினின் சொந்தத் தங்கை ஜென்னா மூத்த மருமகன் ஜெய்மியிடம், தைவினின் உண்மையான மகன் நீ இல்லை, டிரியன்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லும் இடத்தை வாசித்தார். தந்தை வெறுத்த பிள்ளையே தந்தையைப் போல இருக்கிறான் என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் துயரம் தங்கியிருக்கிறது. டிரியனை வேறொருவருக்குப் பிறந்தவனாக்கினால் அத்துயரத்துக்கு இடமில்லாமல் போய்விடும் என்றார். (எனக்கும் அவர் சொன்னதே சரியாகப் படுகிறது. நான்காம் பாகத்தைச் சலிப்பானது என்று பலர் ஒதுக்குவதுண்டு. என் கணிப்பில் ஐந்திலும் நுட்பமானது அதுவே.) அன்று முடிவு எட்டப்படவில்லை. ஆனால் முதலில் பேசிய இளைஞர், தம் கட்சிக்கு எதிரான அந்தச் சான்றையும் பாகம், அத்தியாயத்தோடு வட்டத்தின் கொப்பியில் தம் கையாலேயே எழுதிவைத்தார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் எதிர்க்கட்சியின் வாதத்தை இப்படி எழுதிக்கொள்பவரை நான் அதிகம் கண்டதில்லை. வருடாந்தப் பொதுக்கூட்டங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

'முற்றுப்பெறாத தொடர்' என்பது நூலை அகற்றப் போதிய காரணமா? அப்படியானால் அலுமாரியின் அடுத்த தட்டையும் பார்க்க வேண்டிவரும். பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' முடிக்கப்படாத கதை. புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' முடிக்கப்படாத நாவல். 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்த துப்பறியும் கதையில் பாதிதான் எழுதப்பட்டிருந்தது. எட்வின் ட்ரூட் கொல்லப்பட்டானா, தப்பினானா என்று ஆங்கில வாசகர்கள் இன்றும் வாதாடுகின்றனர். இவற்றையெல்லாம் நீக்குவதாக உங்கள் அறிவித்தலில் இல்லை. நீக்கவும் கூடாது.

முடிந்த கதையென்று நீங்கள் கருதக்கூடிய ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். நிலையத்தில் மிக அதிகம் இரவல் போனதாக நூலகப் பொறுப்பாளரே பெருமையோடு சொல்வது 'பொன்னியின் செல்வ'னைத்தான். இரண்டு தடவை கட்டுவித்த பிறகும் அதன் மூன்றாம் பாகம் தாள்தாளாகக் கழன்றே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அக்கதை முடிந்ததும், வாசகர்கள் அடுக்கிய கேள்விகளுக்காகக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. அதன்பிறகும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வினா அடங்கவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான சகோதரர்களின் பெயர்களைத் தருகிறது. அவர்களுக்குப் பின்னால் நின்றவர் யார் என்பதில் வரலாற்றறிஞர்களே முரண்பட்டனர். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இந்த வினாவைப் பற்றி எமது நிலையத்தின் ஆண்டுவிழா ஒன்றில் பட்டிமன்றமே நடத்தியவர்கள் நீங்கள். நந்தினியின் பிறப்பைப் பற்றி வாதாடினால் அது இலக்கியம், ஜோன் ஸ்னோவின் பிறப்பைப் பற்றி வாதாடினால் அது பொழுதுபோக்கு என்றால், அந்த அளவுகோலை எங்களுக்கும் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இது புதிய பழக்கமும் அன்று. எங்கள் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு எப்படி நடக்கிறது? ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்கிறார். மற்றொருவர் பயன், அதாவது பொருள், சொல்கிறார். பயன் பிசகினால் கூட்டத்தில் இருக்கும் முதியவர் ஒருவர் குறுக்கிட்டுத் திருத்துகிறார். கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஆண்டுதோறும் அது நடக்கிறது. முடிவை அறிவதற்காக யாரும் அங்கே வருவதில்லை. எம் வரலாற்றையும் இப்படித்தான் படித்தோம். மாதகல் மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' சங்கிலியை ஒரே அரசனாகச் சொல்கிறது. 1544இல் மன்னாரில் கத்தோலிக்கரைக் கொல்வித்தவனும் 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனும் ஒருவனாக இருக்க முடியுமா என்று பின்வந்தவர்கள் கேட்டார்கள். போர்த்துக்கேயரின் குறிப்புகளோடு ஒப்பிட்டு இருவராகப் பிரித்தார்கள். முதலியார் இராசநாயகம் 1926இலும் ஞானப்பிரகாசர் சுவாமிகள் 1928இலும் வெளியிட்ட நூல்களை அடுத்தடுத்து வாசித்தால், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளைப் பற்றி இருவரும் எவ்வளவு தூரம் வேறுபட்டார்கள் என்பது தெரியும். இவ்விருவருள் எவரையும் வீண் வாதக்காரர் என்று எவரும் சொன்னதில்லை. கற்பனைக் கண்டமும் யாழ்ப்பாண இராச்சியமும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் முரண்படும் மூலங்களை எடைபோடும் பழக்கம் இரண்டுக்கும் பொது. அதைக் கதையில் பழகிய இருவர் இப்போது வைபவமாலையை இரவல் எடுத்திருக்கின்றனர் என்பதை உங்கள் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

உங்கள் ஆட்சேபங்களில் ஒன்றை நான் முழுமையாக ஏற்கிறேன். இந்நூல்கள் சிறுவர்களுக்கானவை அல்ல. கொடூரமான வன்முறையும் பாலியற் காட்சிகளும் அவற்றில் உண்டு. சாதாரண தரப் பிள்ளை ஒருவர் அவற்றை அலுமாரியிலிருந்து எடுத்துச் செல்வதைத் தடுப்பது உங்கள் கடமை. அதற்குக் கட்டுப்பாடு விதிப்பதே வழி. வட்டத்தில் பள்ளி மாணவர் எவரும் சேர்க்கப்படவில்லை. பரீட்சைக் காலத்தில் பக்கத்து அறையில் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்ற முறைப்பாடும் நியாயமானதே. குரல் உயர்ந்த பின்னேரங்கள் இருந்தன. நேரத்தை மாற்றியிருந்தால் அது தீர்ந்திருக்கும். செலவைக் காரணம் காட்ட முடியாது: ஐந்து பாகங்களும் கனடாவில் வாழும் எம்மூரவர் ஒருவர் தம் செலவில் அனுப்பியவை, நிலையத்தின் நிதியில் ஒரு ரூபாவும் அவற்றுக்குப் போகவில்லை. ஆசிரியர் ஆறாம் பாகத்தை எழுதி முடிப்பாரா என்ற கேள்விக்கு நானும் நம்பிக்கையோடு பதில் சொல்லமாட்டேன். 1948இல் பிறந்தவர், 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தவணை தவறிவிட்டதைத் தாமே அறிவித்தவர். அந்தத் தாமதத்தின்மேல் எங்களுக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர் எழுதாமல் விட்டதற்காக, எழுதியதை வாசித்தவர்களைத் தண்டிப்பது எந்த நியாயம்?

தீர்மானம் எடுக்கப்பட்ட விதத்தையும் குறிப்பிட வேண்டும். சந்தா கட்டும் அங்கத்தவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. வட்டத்தினரில் ஒருவரைக்கூட அழைத்து விசாரிக்கவில்லை. நூல்களோடு சேர்த்து வட்டத்தின் கொப்பியும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டுவிட்டது. அது நிலையத்தின் சொத்தன்று. வினா, அது எழும் பாகமும் அத்தியாயமும், சார்பான சான்று, எதிரான சான்று என்று நான்கு நிரல்களாகக் கோடிட்டுப் பலர் கையெழுத்தில் எழுதிவந்த உழைப்பு அது. அதைத் திருப்பிக் கேட்டவரிடம், தீர்மானத்தில் அதுவும் அடங்கும் என்று சொல்லப்பட்டது. அறிவித்தலில் கொப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே நிருவாக சபையிடம் நான் கேட்பவை இவை. அத்தீர்மானத்தை இப்போதைக்கு நிறுத்திவைத்து, விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி, அங்கத்தவர்கள் முன்னிலையில் அதை மறுபரிசீலனை செய்யுங்கள். அக்கூட்டத்தில் வட்டத்தினர் தம் பக்கத்தைச் சொல்ல நேரம் ஒதுக்குங்கள். ஐந்து பாகங்களையும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களுக்கு மட்டும் என்ற குறிப்போடு, இரவல் அலுமாரியில் மீண்டும் வையுங்கள். பின்னறையைச் சனிக்கிழமைகளில் படிப்போர் கலைந்த பிறகு, மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வட்டத்துக்கு வழங்குங்கள். கதிரைகளை ஒழுங்குபடுத்திக் கதவைப் பூட்டித் திறப்பை ஒப்படைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இனிமேல் எந்த நூலையாவது அகற்றுவதாயின், காரணத்தை எழுத்தில் அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க அங்கத்தவர்களுக்கு ஒரு மாத அவகாசம் தரும் விதியொன்றை யாப்பில் சேர்ப்பதற்கு அதே கூட்டத்தில் பிரேரணை கொண்டுவர அனுமதியுங்கள்.

இவற்றுக்கான பதிலை, உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாக, எழுத்தில் எதிர்பார்க்கிறேன். கொப்பியைத் திருப்பித் தருவதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை. அதை இந்த வாரமே வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் கொடுத்து வையுங்கள், நான் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நிலையத்தின் ஆயுட்கால அங்கத்தவரான ஓர் ஆசிரியை
யாழ்ப்பாணம்